லினக்ஸ் மடிக்கணினியில் இடைநிறுத்தமும் ஆழ்துயிலும்

இடைநிறுத்தம், ஆழ்துயில் என்பன லினக்ஸ் இயங்குதளம் கொண்ட ஒரு மடிக்கணினியை, அதில் திறந்திருக்கும் வேலைகளை மூடாமலே ஓய்வில் வைக்கும் இரு முறைகள் ஆகும். சஸ்பெண்ட் எனப்படும் இடைநிறுத்தத்தில் கணினியின் நிலை முழுவதும் நினைவகத்திலேயே (ரேம்) இருக்கும். நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து அளிக்கப்படும். ஹைபர்னேட் எனப்படும் ஆழ்துயிலில் நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்பட்டு, பின்னர் கணினி முற்றாக அணைக்கப்படும். முதல் முறையில் கணினி ஓரிரு நொடிகளில் விழித்துக்கொள்ளும். ஆனால் மின்கலம் தீர்ந்தால் சேமிக்கப்படாத வேலை அழிந்துவிடும். இரண்டாம் முறையில் மின்சாரமே தேவையில்லை. ஆனால் எழுதுவதற்கும் படிப்பதற்கும் நேரம் எடுக்கும், வட்டில் போதிய இடமும் சரியான அமைப்பும் தேவை.

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் இடைநிறுத்தம் நிறுவியவுடனேயே இயங்கும். ஆழ்துயிலைப் பல வழங்கல்களில் பயனரே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. எடுத்துக்காட்டாக, உபுண்டு 2012 இல் வெளியிட்ட 12.04 பதிப்பிலிருந்து ஆழ்துயில் தெரிவைத் தன் பட்டியில் இயல்பாகக் காட்டுவதில்லை.

இக்கட்டுரையில் ஆணைகள், கோப்புகள் ஆகியவற்றின் பெயர்கள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.

உறக்க நிலைகள்

ஏசிபிஐ எனப்படும் மின்திறன் மேலாண்மைத் தரம் கணினியின் நிலைகளைப் பின்வருமாறு வகுக்கின்றது.

* எஸ்0 - கணினி இயங்கும் நிலை.
* எஸ்1, எஸ்2 - மேலோட்டமான உறக்கம். மடிக்கணினிகளில் இவை அரிதாகவே பயன்படுகின்றன.
* எஸ்3 - நினைவகம் தவிர ஏறத்தாழ அனைத்தும் அணைக்கப்பட்ட நிலை. மரபான இடைநிறுத்தம் இதுவே.
* எஸ்4 - நிலை வட்டில் எழுதப்பட்டுக் கணினி அணைக்கப்பட்ட நிலை. ஆழ்துயில் இதுவே.
* எஸ்5 - வழக்கமான அணைப்பு.

கெர்னல் எனப்படும் லினக்ஸ் கருனி இவற்றைத் தனக்குரிய பெயர்களால் அழைக்கின்றது. '/சிஸ்/பவர்/ஸ்டேட்' என்னும் கோப்பில் அக்கணினி ஆதரிக்கும் நிலைகள் பட்டியலிடப்பட்டிருக்கும். அதில் 'மெம்' என்பது இடைநிறுத்தத்தையும் 'டிஸ்க்' என்பது ஆழ்துயிலையும் குறிக்கும். 'ஃப்ரீஸ்' என்பது 2013 இல் வெளியான 3.9 கருனியில் சேர்க்கப்பட்ட மற்றொரு நிலையாகும். இதில் நிலைப்பொருளின் உதவியின்றி, நிரல்கள் உறையவைக்கப்பட்டு, கருவிகள் குறைமின் நிலைக்குச் சென்று, செயலி ஆழ்ந்த செயலற்ற நிலையில் வைக்கப்படுகின்றது.

இவ்விரு முறைகளும் இணைந்த கலப்பு முறையும் உண்டு. அதில் நினைவகத்தின் படிமம் முதலில் வட்டில் எழுதப்படும். பின்னர் கணினி அணைக்கப்படாமல் இடைநிறுத்தப்படும். மின்கலம் தாங்கினால் கணினி நினைவகத்திலிருந்து விரைவாக எழும். மின்கலம் தீர்ந்தால் வட்டிலிருந்து மீளும்.

வரலாறு

1992 இல் இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் ஏபிஎம் என்னும் தரத்தை வெளியிட்டன. இத்தரத்தில் உறக்கத்திற்கான பணிகளைப் பெரும்பாலும் பயாஸ் எனப்படும் நிலைப்பொருளே செய்தது. இயங்குதளம் வேண்டுகோள் மட்டும் விடுத்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகிய நிறுவனங்கள் ஏசிபிஐ தரத்தின் முதற் பதிப்பை வெளியிட்டன. இதன்படி கருவிகளை உறங்க வைப்பதும் எழுப்புவதும் இயங்குதளத்தின் பொறுப்பாயின.

இம்மாற்றம் லினக்சுக்குப் பெரும் சுமையாக அமைந்தது. ஏபிஎம் காலத்தில் நிலைப்பொருள் செய்த வேலையை இப்போது ஒவ்வொரு கருவியின் இயக்கியும் தானே செய்ய வேண்டியிருந்தது. நிழற்பட அட்டை, ஒலி அட்டை, கம்பியில்லா வலையமைப்பு அட்டை ஆகியவற்றின் இயக்கிகளில் ஒன்று தவறினாலும் கணினி மீளாது. 2000களின் தொடக்கத்தில் லினக்ஸ் மடிக்கணினிகள் உறங்கியபின் கருந்திரையுடன் நின்றுவிட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

ஆழ்துயிலுக்கான 'எஸ்டபிள்யூசஸ்ப்' என்னும் நிரற்பகுதியை காபோர் குட்டி தொடங்கினார். பாவெல் மாசெக் அதை வளர்த்தெடுத்தார். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் இது இடம்பெற்றிருந்தது. பேட்ரிக் மோச்செல் உருவாக்கிய 'பிஎம்டிஸ்க்' என்னும் கிளை பின்னர் இதனுடன் இணைக்கப்பட்டது. நைஜல் கன்னிங்காம் வளர்த்த 'சஸ்பெண்ட்2', பின்னர் 'டக்ஸ்ஆன்ஐஸ்' எனப் பெயர் மாற்றப்பட்டுப் பல பயனர்களைப் பெற்றபோதிலும், முதன்மைக் கருனியில் சேர்க்கப்படவில்லை. பிற்காலத்தில் இப்பகுதியின் பராமரிப்பில் ரஃபேல் விசோக்கி முதன்மைப் பங்கு வகித்தார்.

2009 இல் வெளியான 2.6.29 கருனியில் இன்டெல் நிழற்பட அட்டைகளுக்கான திரைமுறை அமைப்பைக் கருனியே மேற்கொள்ளும் வசதி வந்தது. இதனால் கணினி எழும்போது திரையை மீட்கும் பணி சீரடைந்தது. அதற்கு முன்னர் 'விபிஇடூல்' போன்ற புறக்கருவிகளைக் கொண்டு பயனர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனி உத்திகளைக் கையாண்டனர். அக்காலத்தில் பரவலாக இருந்த 'பிஎம்-யூட்டில்ஸ்' தொகுப்பின் இடத்தைப் பின்னர் சிஸ்டம்டி பெற்றுக்கொண்டது.

செயற்படும் முறை

இடைநிறுத்தம்

இடைநிறுத்த ஆணை கிடைத்ததும் கருனி முதலில் கோப்பு முறைமைகளில் எழுதப்படாது தங்கியிருக்கும் தரவுகளை வட்டில் எழுதச் செய்கின்றது. அடுத்து இயங்கும் நிரல்கள் அனைத்தையும் உறைய வைக்கின்றது. இதற்கு இயல்பாக 20 நொடிகள் வரை காத்திருக்கும். அதற்குள் உறையாத நிரல் ஒன்று இருந்தால் முயற்சி கைவிடப்பட்டுக் கணினி வழமைக்குத் திரும்பும். தொடர்பு அறுந்த வலையமைப்புக் கோப்பகம் ஒன்றிற்காகக் காத்திருக்கும் நிரல் இத்தகைய தடைக்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னர் ஒவ்வொரு இயக்கியும் தன் கருவியின் நிலையை நினைவகத்தில் குறித்துக்கொண்டு அதனை அணைக்கின்றது. முதற் செயலியைத் தவிர ஏனைய செயலிகள் நிறுத்தப்படுகின்றன. இறுதியில் கட்டுப்பாடு நிலைப்பொருளிடம் செல்ல, கணினி எஸ்3 நிலையை அடைகின்றது. நினைவகச் சில்லுகள் தம் உள்ளடக்கத்தைத் தாமே புதுப்பித்துக்கொண்டு காத்திருக்கும். எழும்போது இப்படிகள் தலைகீழ் வரிசையில் நடைபெறும்.

ஆழ்துயில்

ஆழ்துயிலிலும் நிரல்கள் முதலில் உறைய வைக்கப்படுகின்றன. அடுத்து, படிமத்திற்கு இடம் உண்டாக்கும் பொருட்டு, வட்டிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளக்கூடிய தற்காலிகத் தரவுகள் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். கருவிகள் அசைவற்றிருக்கும் கணத்தில் நினைவகத்தின் நகல் ஒன்று நினைவகத்திலேயே எடுக்கப்படுகின்றது. ஆகவே படிமம் மொத்த நினைவகத்தின் பாதியளவைத் தாண்டுவதில்லை. அதன் பின்னர் வட்டின் இயக்கி மீண்டும் எழுப்பப்பட்டு, படிமம் சுருக்கப்பட்டு ஸ்வாப் இடத்தில் எழுதப்படும். அவ்விடத்தின் தலைப்பில் ஓர் அடையாளக் குறியும் பதிக்கப்படும். அத்துடன் கணினி அணைகின்றது.

மீண்டும் மின்விசையை அழுத்தும்போது கணினி வழக்கம்போலவே துவங்குகின்றது. துவக்க ஏற்றி புதிய கருனி ஒன்றை ஏற்றுகின்றது. அக்கருனி, வேர்க் கோப்பு முறைமையை ஏற்றுவதற்கு முன்பே, ஸ்வாப் இடத்தில் அடையாளக் குறி உள்ளதா எனப் பார்க்கின்றது. இருந்தால் படிமத்தை நினைவகத்தில் ஏற்றி, தன் இடத்தைப் பழைய கருனிக்கு விட்டுக்கொடுக்கின்றது. பழைய கருனி தான் நின்ற இடத்திலிருந்து தொடர்கின்றது. குறி ஒருமுறை படிக்கப்பட்டதும் அழிக்கப்படுவதால் ஒரு படிமத்திலிருந்து இருமுறை மீள முடியாது.

புதிய கருனிக்குப் படிமம் எங்கே உள்ளது என்பது தெரியாவிடில் கணினி எவ்வித எச்சரிக்கையும் இன்றிப் புதிதாகத் துவங்கிவிடும். திறந்திருந்த ஆவணங்கள் காணாமற்போகும். ஆழ்துயில் அமைப்பில் பெரும்பாலான தவறுகள் இவ்விடத்திலேயே நேர்கின்றன.

இரு முறைகளின் ஒப்பீடு

50 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்தையும், இடைநிறுத்தத்தில் 0.5 வாட் செலவிடும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டால், நிறைந்த மின்கலம் 100 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 4 நாட்கள் தாங்கும். மின்கலம் ஐந்தில் ஒரு பங்கே நிறைந்திருக்கும்போது இடைநிறுத்தினால் அது 20 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெள்ளி மாலை மூடப்பட்ட கணினி திங்கள் காலையில் வேலையை இழந்து நிற்பது இவ்வாறே.

ஆழ்துயிலில் காலம் பற்றிய கவலை இல்லை. ஆனால் 4 கிகாபைட் படிமத்தை நொடிக்கு 100 மெகாபைட் படிக்கும் வன்தட்டிலிருந்து மீட்க ஏறத்தாழ 40 நொடிகள் ஆகும்; நொடிக்கு 500 மெகாபைட் படிக்கும் திண்ம நிலை வட்டிலிருந்து 8 நொடிகள் ஆகும். இவற்றுடன் வழக்கமான துவக்க நேரமும் சேரும்.

அமைத்தல்

ஆதரவைச் சோதித்தல்

முதலில் '/சிஸ்/பவர்/ஸ்டேட்' கோப்பைப் படித்து 'மெம்', 'டிஸ்க்' ஆகிய இரு சொற்களும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அடுத்து '/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' கோப்பைப் படிக்க வேண்டும். 2017 இல் வெளியான 4.10 கருனி முதல் இக்கோப்பு உள்ளது. அதில் 'டீப்' என்பது எஸ்3 நிலையையும், 'எஸ்2ஐடில்' என்பது செயலி மட்ட உறக்கத்தையும் குறிக்கும். பகர அடைப்புக்குள் இருப்பது தற்போது தெரிவு செய்யப்பட்டுள்ள முறை ஆகும்.

சிஸ்டம்டி பயன்படுத்தும் வழங்கல்களில் 'சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்' என்னும் ஆணை கணினியை இடைநிறுத்தும். 'சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட்' ஆழ்துயிலுக்கு அனுப்பும். 'சிஸ்டம்சிடிஎல் ஹைப்ரிட்-ஸ்லீப்' கலப்பு முறையைத் தொடங்கும். முதற் சோதனைகளின்போது சேமிக்கப்படாத ஆவணம் எதுவும் திறந்திருக்கலாகாது.

ஸ்வாப் இடத்தை ஒதுக்குதல்

படிமம் ஸ்வாப் இடத்தில் எழுதப்படுவதால், அவ்விடம் வட்டில் இருக்க வேண்டும். நினைவகத்திலேயே சுருக்கி வைக்கப்படும் இசட்ரேம் வகை ஸ்வாப் இதற்குப் பயன்படாது. ஃபெடோரா 2020 இல் வெளியிட்ட 33 ஆம் பதிப்பு முதல் இயல்பாக இசட்ரேமையே அமைப்பதால், அதன் பயனர்கள் வட்டில் தனி இடம் ஒதுக்க வேண்டும்.

கருனி இயல்பாகப் படிமத்தின் அளவை நினைவகத்தின் ஐந்தில் இரு பங்கிற்குள் வைக்க முயலும். இவ்வளவு '/சிஸ்/பவர்/இமேஜ்_சைஸ்' கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும். எனினும் ஸ்வாப் இடத்தின் ஒரு பகுதி ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கக்கூடும். ஆகவே நினைவகத்தின் அளவுக்கு இணையான ஸ்வாப் இடத்தை ஒதுக்குவது பாதுகாப்பானது. 8 கிகாபைட் நினைவகம் உள்ள கணினிக்கு 8 கிகாபைட் ஸ்வாப் போதுமானது.

ஸ்வாப் ஒரு தனி வட்டுப் பிரிவாகவோ கோப்பாகவோ இருக்கலாம். உபுண்டு 17.04 பதிப்பு முதல் ஸ்வாப் கோப்பே இயல்பாக அமைக்கப்படுகின்றது. ஆனால் அதன் அளவு ஆழ்துயிலுக்குப் போதாதிருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த வழங்கல் ஒன்றில், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில், 8 கிகாபைட் ஸ்வாப் கோப்பைக் கொண்டு ஆழ்துயிலை அமைக்கும் படிகள் பின்வருமாறு. இவை அனைத்திற்கும் ரூட் உரிமை தேவை.

1. 'டிடி' ஆணையால் வேர் அடைவில் 8 கிகாபைட் அளவில் 'ஸ்வாப்ஃபைல்' என்னும் கோப்பை உருவாக்க வேண்டும். பிறர் படிக்க இயலாதவாறு அதன் அனுமதியை 600 என மாற்ற வேண்டும்.
2. 'எம்கேஸ்வாப்' ஆணையால் அதை ஸ்வாப் வடிவில் ஒழுங்குபடுத்தி, 'ஸ்வாப்ஆன்' ஆணையால் இயக்க வேண்டும். அடுத்த துவக்கத்திலும் நிலைக்கும்படி '/இடிசி/எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.
3. 'ஃபைல்ஃபிராக் -வி' ஆணையை அக்கோப்பின் மீது இயக்கினால் ஓர் அட்டவணை கிடைக்கும். அதன் முதல் வரிசையில் பருநிலைத் தொலைவின் கீழுள்ள முதல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது 34816 எனக் கொள்வோம்.
4. ஸ்வாப் கோப்பு அமைந்துள்ள வட்டுப் பிரிவின் தனியடையாள எண்ணை, அதாவது யூயுஐடியை, 'பிஎல்கேஐடி' ஆணையால் அறிய வேண்டும்.
5. '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் கருனிக்குச் செல்லும் ஆணைவரியில் 'ரெஸ்யூம்=யூயுஐடி=' என்பதையடுத்து அவ்வடையாள எண்ணையும், ஓர் இடைவெளிக்குப் பின் 'ரெஸ்யூம்_ஆஃப்செட்=34816' என்பதையும் சேர்க்க வேண்டும். பின்னர் 'அப்டேட்-கிரப்' ஆணையை இயக்க வேண்டும்.
6. '/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம்' கோப்பிலும் அதே அடையாள எண்ணை எழுதி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஆணையை இயக்க வேண்டும்.
7. கணினியை மறுதுவக்கம் செய்து, பின்னர் ஆழ்துயில் ஆணையைச் சோதிக்க வேண்டும்.

ஸ்வாப் தனி வட்டுப் பிரிவாக இருந்தால் மூன்றாம் படியும் தொலைவு எண்ணும் தேவையில்லை. அப்பிரிவின் அடையாள எண்ணே போதும். ஸ்வாப் கோப்பை அழித்து மீண்டும் உருவாக்கினால் அது வட்டின் வேறொரு இடத்தில் அமையக்கூடும். ஆகவே தொலைவு எண்ணைப் புதிதாகக் கண்டறிந்து மாற்ற வேண்டும்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஸ்வாப் கோப்புகளுக்கான ஆதரவு 2019 இல் வெளியான 5.0 கருனியில் வந்தது. அங்கு 'ஃபைல்ஃபிராக்' தரும் எண் பொருந்தாது. 'பிடிஆர்எஃப்எஸ்' கருவித் தொகுப்பில் இதற்கென உள்ள 'மேப்-ஸ்வாப்ஃபைல்' என்னும் துணை ஆணையையே பயன்படுத்த வேண்டும்.

ஆர்ச் லினக்சில் 'எம்கேஇனிட்சிபியோ' அமைப்பில் 'ரெஸ்யூம்' கொக்கியைச் சேர்ப்பது மரபான முறை ஆகும். 2023 முதல் சிஸ்டம்டியின் புதிய பதிப்புகள், யூஇஎஃப்ஐ நிலைப்பொருள் கொண்ட கணினிகளில், படிமம் உள்ள இடத்தை நிலைப்பொருளின் மாறி ஒன்றில் தாமே குறித்துவைக்கின்றன. தொடக்க நினைவகப் படிமமும் சிஸ்டம்டியைக் கொண்டதாக இருப்பின், கருனி ஆணைவரியில் இடத்தைக் குறிப்பிடாமலே கணினி மீள முடிகின்றது.

மூடியும் மின்விசையும்

மடிக்கணினியின் மூடியை மூடும்போது நடக்க வேண்டியது '/இடிசி/சிஸ்டம்டி/லாகின்ட்.கான்ஃப்' கோப்பில் குறிக்கப்படுகின்றது. 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' என்பதன் இயல்பு மதிப்பு 'சஸ்பெண்ட்' ஆகும். இதனை 'ஹைபர்னேட்', 'இக்னோர்', 'லாக்' போன்றவையாக மாற்றலாம். மின்னிணைப்பில் இருக்கும்போதும், புறத்திரை இணைக்கப்பட்டிருக்கும்போதும் வேறுவிதமாக நடந்துகொள்ளத் தனித்தனி வரிகள் உள்ளன.

குநோம், கேடிஈ போன்ற பணிமேடைச் சூழல்களும் தத்தம் மின்திறன் அமைப்புகளைக் கொண்டுள்ளன. இவை சிஸ்டம்டியின் செயலைத் தடுத்துத் தாமே பொறுப்பேற்கக்கூடும். எனவே கோப்பில் செய்த மாற்றம் பயனளிக்காவிடில் 'சிஸ்டம்டி-இன்ஹிபிட்' ஆணையால் எந்நிரல் தடையிட்டுள்ளது எனப் பார்க்கலாம்.

இடைநிறுத்தத்தைத் தொடர்ந்து ஆழ்துயில்

2018 இல் வெளியான சிஸ்டம்டி 239 ஆம் பதிப்பில் 'சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்' என்னும் முறை வந்தது. இதில் கணினி முதலில் இடைநிறுத்தப்படும். குறித்த நேரம் கழிந்ததும் உள்ளிருக்கும் கடிகாரம் அதனை எழுப்ப, கணினி தானே ஆழ்துயிலுக்குச் செல்லும். '/இடிசி/சிஸ்டம்டி/ஸ்லீப்.கான்ஃப்' கோப்பில் 'ஹைபர்னேட்டிலேசெக்=60மின்' என எழுதினால் ஒரு மணி நேரத்திற்குப் பின் இம்மாற்றம் நடைபெறும். மடிக்கணினியைப் பையில் வைத்துச் செல்வோருக்கு இம்முறை ஏற்றது: சிறு இடைவேளையில் விரைவான மீட்பும் நீண்ட இடைவேளையில் தரவுக்குக் காப்பும் கிடைக்கின்றன. ஆழ்துயில் முன்னரே சரியாக இயங்கினால் மட்டுமே இதனை அமைக்க வேண்டும்.

எஸ்3 இல்லாத மடிக்கணினிகள்

கைபேசியைப் போல் உறக்கத்திலும் வலையமைப்புடன் தொடர்பில் இருக்கும் முறையை மைக்ரோசாப்ட் 2012 இல் விண்டோஸ் 8 உடன் அறிமுகப்படுத்தியது. விண்டோஸ் 10 இல் இது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' எனப் பெயர் பெற்றது. 2020 ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பல புதிய மடிக்கணினிகளின் நிலைப்பொருளில் எஸ்3 நிலையே இடம்பெறுவதில்லை. இத்தகைய கணினிகளில் '/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' கோப்பில் 'எஸ்2ஐடில்' மட்டுமே காணப்படும்.

இம்முறையில் மின்செலவு குறைவது ஒவ்வொரு கருவியும் உண்மையாக உறங்குவதைப் பொறுத்தது. ஒரேயொரு கருவி விழித்திருந்தாலும் செயலி தன் மிக ஆழ்ந்த நிலையை அடையாது. அப்போது 5 வாட் செலவாகுமானால் மேற்கூறிய 50 வாட்-மணி மின்கலம் 10 மணி நேரமே தாங்கும். மூடிய பைக்குள் கணினி சூடாகவும் கூடும். இன்டெல் செயலிகளில் 'பிஎம்சி_கோர்' என்னும் பிழைநீக்க அடைவில் உள்ள எஸ்0 தங்கல்நேரக் கோப்பு, செயலி அந்நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் காட்டும். உறக்கத்திற்கு முன்னும் பின்னும் அதில் மாற்றமில்லை எனில் ஏதோ ஒரு கருவி தடையாக உள்ளது எனக் கொள்ளலாம்.

சில மாதிரிகளில் நிலைப்பொருள் அமைப்புத் திரையில் உறக்க முறையை 'லினக்ஸ்' அல்லது 'எஸ்3' என மாற்றும் தெரிவு உண்டு. அத்தெரிவு இல்லாத கணினிகளில் ஆழ்துயிலே நம்பத்தக்க மாற்று வழி ஆகும்.

சிக்கல்களைக் கண்டறிதல்

உறக்கச் சிக்கல்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட படியில் நிகழ்கின்றன. அப்படியைக் கண்டறியக் கருனியிலேயே சோதனை வசதிகள் உள்ளன.

* '/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்' கோப்பில் 'ஃப்ரீசர்', 'டிவைசஸ்', 'பிளாட்ஃபார்ம்', 'பிராசசர்ஸ்', 'கோர்' ஆகிய சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் சோதிக்கலாம். கணினி அப்படி வரை மட்டும் சென்று, 5 நொடிகள் காத்திருந்து திரும்பும். எச்சொல்லில் திரும்பாமல் நிற்கின்றதோ அப்படியிலேயே சிக்கல் உள்ளது. சோதனை முடிந்ததும் 'நன்' என எழுத வேண்டும். எல்லாக் கருனிகளிலும் இக்கோப்பு சேர்க்கப்பட்டிருப்பதில்லை.
* 'ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 60' என்னும் ஆணை கணினியை இடைநிறுத்தி 60 நொடிகளில் எழுப்பும். உறக்கத்தையும் எழுச்சியையும் பலமுறை சோதிக்க இது உதவும்.
* 'ஜர்னல்சிடிஎல் -பி -1' என்னும் ஆணை முந்தைய துவக்கத்தின் குறிப்பேட்டைக் காட்டும். கணினி உறைந்து, வலிந்து அணைக்கப்பட்ட பின் இதனைப் பார்க்கலாம்.
* '/சிஸ்/பவர்/பிஎம்_டிரேஸ்' கோப்பில் 1 என எழுதினால், எந்தக் கருவியில் எழுச்சி நின்றது என்னும் தடயம் கணினிக் கடிகாரத்தில் பதிக்கப்படும். இதனால் கடிகார நேரம் தவறாகிவிடும் என்பதால் பின்னர் அதைத் திருத்த வேண்டும்.

உறங்கிய கணினி உடனே தானாக எழுந்தால், '/பிராக்/ஏசிபிஐ/வேக்கப்' கோப்பில் எழுப்பும் உரிமை பெற்ற கருவிகளின் பட்டியலைப் பார்க்கலாம். யூஎஸ்பி சுட்டி சிறிது அசைந்தாலும் கணினியை எழுப்பக்கூடும். அக்கருவியின் பெயரை அதே கோப்பில் எழுதினால் அதன் உரிமை நீங்கும். இம்மாற்றம் அடுத்த துவக்கம் வரையே நிலைக்கும்.

எழுந்தபின் கம்பியில்லா வலையமைப்பு மட்டும் இயங்காவிடில், அதன் இயக்கியை உறக்கத்திற்கு முன் நீக்கி, எழுந்தபின் மீண்டும் ஏற்றும் சிறு நிரலை எழுதலாம். 'சிஸ்டம்-ஸ்லீப்' அடைவில் வைக்கப்படும் நிரல்களுக்கு உறக்கத்தின் முன் 'பிரீ' என்னும் சொல்லையும் எழுந்தபின் 'போஸ்ட்' என்னும் சொல்லையும் சிஸ்டம்டி அளிக்கின்றது.

தரவு இழப்பு அபாயங்கள்

ஆழ்துயிலில் இருக்கும் கணினி அணைந்ததுபோல் தோன்றினாலும், அதன் கோப்பு முறைமைகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளவையே ஆகும். அவற்றின் தற்காலிகத் தகவல்கள் படிமத்தில் உள்ளன. இந்நிலையில் மற்றோர் இயங்குதளத்தையோ நிகழ் வட்டையோ துவக்கி அதே வட்டுப் பிரிவில் எழுதினால், பழைய கருனி மீளும்போது அம்மாற்றத்தை அறியாது. அது தன்னிடமுள்ள பழைய தகவலைக் கொண்டு மேலெழுதும். இதனால் கோப்பு முறைமை முற்றாகச் சிதைய வாய்ப்புண்டு. ஒரே கணினியில் இரு இயங்குதளங்களைப் பயன்படுத்துவோர், ஒன்று ஆழ்துயிலில் இருக்கையில் அதன் வட்டுப் பிரிவை மற்றொன்றில் ஏற்றலாகாது.

மற்றோர் இயங்குதளத்தில் எழுதும் தேவை ஏற்பட்டுவிட்டால், லினக்சைத் துவக்கும்போது கருனி ஆணைவரியில் 'நோரெஸ்யூம்' எனச் சேர்த்துப் படிமத்தைக் கைவிட வேண்டும். திறந்திருந்த ஆவணங்கள் இழக்கப்படும். ஆனால் கோப்பு முறைமை தப்பும். கருனியைப் புதுப்பித்த பின்னர், மறுதுவக்கம் செய்வதற்கு முன் ஆழ்துயிலுக்குச் செல்வதையும் தவிர்ப்பது நல்லது.

பாதுகாப்பு

மறைகுறியாக்கப்பட்ட வட்டு உள்ள கணினியை இடைநிறுத்தும்போது, வட்டின் மறைகுறித் திறவுகோல் நினைவகத்திலேயே இருக்கும். 2008 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும், மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னரும் நினைவகச் சில்லுகளில் தரவு சில நொடிகள் எஞ்சுவதையும், சில்லுகளைக் குளிர்வித்தால் அது மேலும் நீடிப்பதையும், அதிலிருந்து திறவுகோல்களை மீட்க முடிவதையும் காட்டினர். ஆகவே இடைநிறுத்தப்பட்ட கணினி களவுபோனால் மறைகுறியாக்கம் முழுக் காப்பு அளிப்பதில்லை.

ஆழ்துயிலில் நினைவகம் மின்சாரமின்றி வெறுமையாகிவிடும். ஆனால் திறவுகோல் உட்பட அனைத்தும் வட்டிலுள்ள படிமத்தில் இருக்கும். எனவே ஸ்வாப் இடமும் மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு துவக்கத்திலும் தற்செயலான புதிய திறவுகோலைப் பெறும் ஸ்வாப் அமைப்பு இங்கு உதவாது. அடுத்த துவக்கத்தில் அப்படிமத்தைத் திறக்க இயலாது. கடவுச்சொல்லால் திறக்கப்படும் லக்ஸ் பிரிவினுள் ஸ்வாப் இடத்தை அமைப்பதே ஏற்றது.

2019 இல் வெளியான 5.4 கருனியில், கருனியின் நேர்மையைக் காக்கும் 'லாக்டவுன்' என்னும் கூறு சேர்க்கப்பட்டது. பல வழங்கல்களில், செக்யூர் பூட் எனப்படும் பாதுகாப்பான துவக்கம் இயங்கும்போது இக்கூறும் இயங்கும். அப்போது ஆழ்துயில் தடுக்கப்படும். வட்டிலுள்ள படிமம் இடையில் மாற்றப்படவில்லை என்பதைக் கருனியால் உறுதிசெய்ய முடியாததே இதற்குக் காரணம் ஆகும். எல்லாம் சரியாக அமைத்தும் ஆழ்துயில் மறுக்கப்பட்டால் '/சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன்' கோப்பைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பான துவக்கத்தைக் கைவிட்டு ஆழ்துயிலைப் பெறுவதா, ஆழ்துயிலைக் கைவிடுவதா என்பது பயனரின் தெரிவு ஆகும்.

இவை தவிர, உறக்கத்திற்கு முன்பே திரை பூட்டப்படுவதையும் உறுதிசெய்ய வேண்டும். இல்லையெனில் மூடியைத் திறக்கும் எவரும் திறந்த ஆவணங்களைக் காண முடியும்.

இவற்றையும் பார்க்க

* லினக்ஸ் கருனி
* சிஸ்டம்டி
* ஏசிபிஐ
* மெய்நிகர் நினைவகம்
* மறைகுறியாக்கம்